பெல்ஃபாஸ்ட்: டைட்டானிக் அருங்காட்சியகம் கப்பல் தளத்தைக் காப்பாற்றியதா, மறைத்துவிட்டதா?

நங்கூரம்:
வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போனால் எதைப் பார்ப்பது என்று கேட்டால் எல்லோரும் டைட்டானிக் பெல்ஃபாஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள். 2012-இல் சுமார் 100 மில்லியன் பவுண்டு செலவில் திறந்த அருங்காட்சியகம். கப்பலின் உடல் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்குக் கட்டடம். டிக்கெட் இருபது பவுண்டுக்கு மேல். அது நிற்கும் இடம், ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனம் 1861-இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களைக் கட்டிய தளம். அத்தனையும் பின்னால் போய், மூழ்கிப்போன டைட்டானிக் ஒன்றுதான் முன்னால் நிற்கிறது.

அசல் வேண்டுமென்றால் கொஞ்ச தூரம் நடந்தால் தாம்சன் உலர்துறை, அதாவது தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலை நிறுத்தி வேலை பார்க்கும் பெரிய பள்ளம். 1911-இல் திறந்தது. டைட்டானிக் நின்று வேலை முடிந்த இடம். நான் படியிறங்கி அடிவரை போயிருக்கிறேன். கப்பலின் அடிப்பாகம் உட்கார்ந்த வார்ப்பிரும்புக் கட்டைகள் நடுவில் வரிசையாக இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சுவர் படிப்படியாக விரிந்து மேலே போகிறது. எவ்வளவு பெரிய கப்பல் என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும். நான் போனபோது கூட்டமே இல்லை. பக்கத்துப் பம்ப் ஹவுஸில் 2023-இலிருந்து விஸ்கி காய்ச்சுகிறார்கள். இதையா பாரம்பரியம் என்கிறோம்?

கயல்:
நங்கூரம் அண்ணா, விஸ்கி ஆலை வந்ததால்தான் அந்தப் பம்ப் ஹவுஸ் கூரை ஒழுகாமல் நிற்கிறது. கட்டடத்தில் ஆள் புழங்கினால்தான் அது பிழைக்கும்.

ஹார்லண்ட் அண்ட் வுல்ஃபின் தலைமை அலுவலகத்தையே பாருங்கள். டைட்டானிக்கை வரைந்த கூடம் அங்கேதான். வளைந்த உயரமான கூரை, வரைபவர்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்று வைத்த பெரிய பெரிய ஜன்னல்கள். நிறுவனம் காலி செய்த பிறகு பல வருஷம் வெறுமனே கிடந்தது. 2017-இல் ஹோட்டலானது. இன்று ஒரு காபி வாங்கிக்கொண்டு அந்தக் கூரையின் கீழே யாரும் உட்காரலாம். செர்போர்க் துறைமுகத்தில் டைட்டானிக்குக்குப் பயணிகளை ஏற்றிப்போன நொமேடிக் என்ற சின்னக் கப்பலும் அப்படித்தான். பாரிஸில் மிதக்கும் உணவகமாக இருந்து, 2006-இல் ஏலத்துக்கு வந்தபோது வட அயர்லாந்து அரசு வாங்கியது. டைட்டானிக் என்ற பெயர் இல்லையென்றால் அதை உடைத்து இரும்பு விலைக்குத்தான் போட்டிருப்பார்கள்.

ஸ்வீடனில் மால்மோ இருக்கிறது. காக்கம்ஸ் கப்பல் தளத்தின் 138 மீட்டர் உயரக் கிரேன் அந்த ஊருக்கே அடையாளமாக இருந்தது. ஹூண்டாய் நிறுவனத்துக்கு ஒரு டாலருக்கு விற்றார்கள். 2002-இல் கழற்றிக் கொரியாவுக்குக் கொண்டுபோனபோது கரையில் நின்றவர்கள் அழுதார்கள். பெல்ஃபாஸ்ட்டுக்கும் அந்த நிலை வந்திருக்க வேண்டுமா?

பட்டறைக்காரன்:
கிரேன் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சாம்சன், கோலியாத் என்ற இரண்டு ராட்சத மஞ்சள் கிரேன்களும் பெல்ஃபாஸ்ட் தளத்தில் இன்னும் நிற்பதற்குச் சுற்றுலா மட்டும் காரணமில்லை. 2003-இல் அவற்றைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள், அது ஒரு பக்கம். அங்கே வேலை நடக்கிறது, அதுதான் பெரிய காரணம். 2019 ஆகஸ்டில் நிறுவனம் நொடித்தபோது தொழிலாளிகள் வாசலை மறித்து ஒன்பது வாரம் தளத்தை விட்டு நகரவில்லை. அதனால்தான் வாங்க ஆள் கிடைத்தது. அப்புறமும் ஒருமுறை நொடித்து, 2025-இல் ஸ்பெயினின் கப்பல் கட்டும் நிறுவனம் நவான்டியா கைக்குப் போனது. பிரிட்டிஷ் கடற்படைக்கான கப்பல் வேலை இருக்கிறது. நானும் கப்பல் தளத்தில் வெல்டிங் பார்த்தவன். உயிரோடிருக்கும் தளத்தை "முன்னாள் கப்பல் நகரம்" என்று சொல்லி டிக்கெட் விற்பதைக் கேட்டால் வயிறு எரிகிறது. பையன்களுக்கு அங்கே பயிற்சி கொடுங்கள், அதற்குப் பிறகு அருங்காட்சியகம் கட்டுங்கள்.

மேற்குத்தெரு:
மூன்று பேரும் தளத்தை ஊரின் பெருமையாகவே பேசுகிறீர்கள். எந்த ஊரின் பெருமை? 1920 ஜூலையில் அதே தளத்திலிருந்து கத்தோலிக்கத் தொழிலாளிகளை அடித்து விரட்டினார்கள். அவர்கள் பக்கம் பேசிய புராட்டஸ்டண்ட் சோஷலிஸ்டுகளையும் விடவில்லை. வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதற்குப் பிறகும் நெடுங்காலம் அது கிழக்கு பெல்ஃபாஸ்ட் புராட்டஸ்டண்டுகளின் வேலையிடம்தான். மேற்கு பெல்ஃபாஸ்ட் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அந்த மஞ்சள் கிரேன்கள் வேறு கதை சொல்லும். அதையும் நுழைவாயிலிலேயே சொல்லுங்கள், அப்புறம் பெருமைப்படலாம்.

கயல்:
மேற்குத்தெரு சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டுமே. அருங்காட்சியகத்தின் முதல் கூடமே லினன் துணி, கயிற்று ஆலை, கப்பல் தளம் என்று ஊரைப் பற்றித்தான் பேசுகிறது. கப்பலின் இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிப்பதைக் காட்ட வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போகிறார்கள். வெளியே, கப்பலை நீரில் இறக்கிய சரிவில் டைட்டானிக்கின் மேல்தளத்தை முழு அளவில் தரையில் வரைந்து, பெஞ்சுகளைக்கூட இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதற்கு டிக்கெட் கிடையாது.

நங்கூரம்:
சரி கயல், அந்தச் சரிவு எனக்கும் பிடிக்கும். ஆனால் சாமுவேல் ஸ்காட் என்ற பையனை அங்கே போய்வந்த எத்தனை பேருக்குத் தெரியும்? ரிவெட் குழுவில் இருந்தவன், பதினைந்து வயது. 1910 ஏப்ரலில் மண்டை உடைந்து செத்தான். டைட்டானிக் வேலையில் இறந்த எட்டுப் பேரில் முதல் ஆள். பெல்ஃபாஸ்ட் கல்லறையில் அவனுக்குப் பெயர்க்கல் வைத்தது 2011-இல். நூறு வருஷத்துக்கு மேல் கல் இல்லாமலே கிடந்தான். கப்பலோடு போன பணக்காரர்களின் பெயர் உலகத்துக்கே தெரியும்.

பட்டறைக்காரன்:
ரிவெட் குழுவில் இப்படிப் பையன்கள்தான் இருந்தார்கள். ஒருவன் ஆணியை உலையில் பழுக்கக் காய்ச்சி வீசுவான். இன்னொருவன் பிடித்து ஓட்டையில் செருகுவான். உள்ளே ஓர் ஆள் முட்டுக்கொடுக்க, வெளியே இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டி அடிப்பார்கள். முப்பது லட்சம் ரிவெட். காது போகாமல் வீடு திரும்பியவர்கள் குறைவு. இதை வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் போதாது கயல், கையில் சம்மட்டியைக் கொடுக்க வேண்டும்.

கயல்:
கொடுக்கட்டும் அண்ணே, நானும் வரிசையில் நிற்கிறேன். அருங்காட்சியக டிக்கெட்டிலேயே இப்போது நொமேடிக்கையும் பார்க்கலாம். அதேபோல உலர்துறையையும் அந்த டிக்கெட்டில் சேர்த்து, அதன் பராமரிப்புக்கு ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அருங்காட்சியகமே தப்பு என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.