மிஸ்ட்ரல் பலகையின் டாகர்போர்ட் வாயை அடைச்சா வேகம் வருமா?

சோளகம்: நேற்று இங்க ஒருத்தர் எழுதியிருந்தார், பழைய மிஸ்ட்ரல் வன் டிசைன் விண்ட்சேர்ஃபிங் பலகையில டாகர்போர்ட் வாயை, அதான் நடுவில தகட்டைக் கீழ இறக்கிற துளையை, ஃபோம் வச்சு அடைச்சு மேல ஃபைபர் போட்டா அது ஸ்பீட் போர்டாம். வாசிச்சதில இருந்து எரிச்சல் அடங்கேல்லை. பலகை 372 செ.மீ. நீளம். நல்ல காற்றில பிளேன் பண்ணேக்க, அதான் தண்ணிக்கு மேல வழுக்கி ஓடேக்க, முன்பக்கம் எழும்பி நிக்கும், வால்பக்கம் மட்டும்தான் தண்ணியில. தண்ணி தொடாத வாயை அடைச்சு என்ன வேகம்?

பொல்கொடை: எழுதினது நான்தான் அண்ணை, நேரடியாவே திட்டலாம். அந்த வாயின்ர ரப்பர் உதடு ரெண்டும் கிழிஞ்சு தொங்குது. ஓடேக்க தண்ணி அதுக்குள்ளால பீச்சி என்ர முகத்தில அடிக்குது. தொடாத தண்ணி எப்பிடி முகத்துக்கு வருது?

சோளகம்: அது அலை தம்பி. வேகம் பாக்கிறது தட்டைத் தண்ணியில. விண்ட்சேர்ஃபிங் வீரர் அந்துவான் அல்போ 2015இல 53.27 நாட் ஓடினது நமீபியாவில, லூடரிட்ஸில வெட்டின கால்வாயில. உங்கட பொல்கொடை ஏரியில மோட்டர் படகுக்குப் பின்னால இல்லை.

முகத்துவாரம்: எந்த வேகத்தைப் பற்றிக் கதைக்கிறீங்கள்? 500 மீட்டர் சராசரியா, ஜிபிஎஸ் காட்டுற ரெண்டு செக்கன் உச்சமா?

சோளகம்: அது பிறகு. வாய் தண்ணியில படுதா இல்லையா? படாது.

பொல்கொடை: படுது.

முகத்துவாரம்: சரி, அடைக்கிறதெண்டா ஒண்டைக் கேளுங்கோ. வள்ளத்துக்குப் பூசுற பொலியெஸ்டர் ரெசினை ஊத்திப் போடாதேங்கோ. அதில உள்ள ஸ்டைரீன் வெள்ளை ஃபோமைத் திண்டுபோடும், காலையில பாத்தா குழிதான் மிஞ்சும். எபொக்சி வாங்குங்கோ. அதுக்கு முதல் பலகையை நல்லாக் காயவையுங்கோ, ஈரம் உள்ளே இருந்தா மேல போட்ட ஃபைபர் கொப்பளிச்சு வரும்.

சோளகம்: ரெசின் பாடம் ஆரும் கேக்கேல்லை. உந்தப் பலகையின்ர அகலம் 63 செ.மீ.க்கு மேல, ஸ்பீட் போர்ட் 45க்கு கிட்ட. வால் விளிம்பைக் கூராக்கு, வாலுக்குக் கீழ நல்ல ஃபின் (செதில்) போடு, கால்பட்டியைப் பின்னுக்கு நகர்த்து. அங்க கிடக்கு வேகம், வாயில இல்லை.

வெள்ளவத்தை: ஏன் அதை வெட்டிக் கொத்துறீங்கள்? 1996இல லீ லாய்-ஷான் ஹொங்கொங்குக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் எடுத்தது இந்த வகைப் பலகையில. 2004 வரைக்கும் ஒலிம்பிக்கில ஓடினது. இருக்கிறபடி திருத்தி வச்சிருக்க வேண்டிய சாமான். டாகர்போர்டை எடுத்தா காற்றை எதிர்த்துத் திரும்பி வரவும் கஷ்டப்படுவீங்கள்.

சோளகம்: அக்கா, அருங்காட்சியகம் வேற, கடல் வேற.

வெள்ளவத்தை: அருங்காட்சியகமோ? நீங்கள் எனக்கு வித்த பாயில பற்றன் (பாயை விறைப்பா வச்சிருக்கிற தடி) செருகிற பொக்கற் மூண்டும் பிஞ்சிருந்தது. வாங்கின கிழமையே தையல்காரரிட்ட கொண்டு ஓடினனான். பழைய சாமானை நீங்கள் எப்பிடிப் பாக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியும்.

சோளகம்: பாத்துத்தானே வாங்கினீங்கள்! அதை ஏன் இங்க இழுக்கிறீங்கள்? கதை வாயைப் பற்றி. வாய் தண்ணியில படாது.

பொல்கொடை: ஃபின்னுக்குக் கிட்ட கமரா ஒட்டி எடுத்துப் போடுறன். அப்ப பாப்பம்.

சோளகம்: கமரா எதுக்கு? நான் கற்பிட்டியில ஓடுறவன், காலுக்குக் கீழ பலகை எங்க நிக்குது எண்டு தெரியும். சோளகக் காற்று எழும்பினாப் பிறகு அங்க வந்து ஓடிக் காட்டும். பொல்கொடைக் காற்றில உந்தப் பலகை ஒழுங்கா பிளேன் பண்ணவே மாட்டுது, அதனாலதான் உமக்குத் தண்ணி முகத்தில அடிக்குது.

பொல்கொடை: அப்ப தண்ணி படுது எண்டு ஒத்துக்கொள்ளுறீங்கள்.

சோளகம்: பிளேன் பண்ணேக்க படாது எண்டனான்! வாசிக்கத் தெரியாட்டி எழுதாதையும்.

முகத்துவாரம்: 500 மீட்டரா, உச்சமா? இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை.

வெள்ளவத்தை: பாய்க்காசில பாதியாவது திருப்பித் தாங்கோ, பிறகு பிளேனிங் கதைப்பம்.

சோளகம்: தரேலாது. வாயும் தண்ணியில படாது.