கதிர் தலை சாயவில்லை: இது குலைநோயா, வேறா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நட்ட என் நெல், பால் பிடிக்கும் பருவத்தைக் கடந்தும், அங்கங்கே மணிகள் பதராகிக் கதிர் தலை சாயாமல் விறைத்து நிற்கிறது. பூசணத்தால் வரும் குலைநோய் என்று மருந்துக் கடையில் கொடுத்த பூசணக்கொல்லியை இருமுறை தெளித்தும் பயனில்லை. என்னவாக இருக்குங்க, ஐயா?

மறுமொழி (பவானி):
கதிரை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் தண்டு துளைப்பான் புழுவின் வேலை. கழுத்துக் கணு கருத்திருந்தால்தான் குலைநோய்.

கேட்டவர்:
இழுத்தால் வரவில்லை, கழுத்தும் காம்பும் பச்சையாகவே உள்ளன. உமியின் அடிப்பகுதி மட்டும் வெளிறி, ஓரத்தில் செம்பழுப்புக் கோடு தெரிகிறது.

மறுமொழி (கோவை):
அப்படியானால் பர்க்கோல்டேரியா குளூமே என்னும் பாக்டீரியா உண்டாக்கும் கதிர்க்கருகலைச் சந்தேகிக்கலாம். 1950களில் ஜப்பானில் முதலில் அறியப்பட்ட இந்நோய், விதை வழியே பரவி, பூக்கும் காலத்தில் இரவிலும் வெப்பம் தணியாதபோது தீவிரமாகிறது. நெல்லின் மற்றொரு பாக்டீரியா நோயான இலைக்கருகலுக்குச் செய்வதுபோல், வெட்டிய இலையைத் தெளிந்த நீரில் வைத்துப் பால் போன்ற கசிவைப் பார்க்கும் சோதனை இதற்குப் போதாது. ஆய்வகத்தில் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தோ, அதன் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையாலோதான் உறுதி செய்ய முடியும். ஆகவே, புதிதாகப் பாதித்த கதிர்களைக் காகித உறையில் இட்டு, வேளாண் பல்கலைக்கழகப் பயிர் நோயியல் துறையினரிடம் காட்டுங்கள். பூசணக்கொல்லிக்குப் பாக்டீரியா அசையாது (கடைக்காரருக்குத்தான் லாபம்). முடிவு வரும்வரை அந்த வயல் நெல்லை விதைக்கு ஒதுக்காதீர்கள்.