முதிர்ந்த செல்லின் வயதை நுண்ணோக்கியில் காண முடியுமா?

மாறன்:
திசுவில் ஒரு செல் எவ்வளவு காலமாக இருந்துவருகிறது என்பதைப் படத்திலேயே பார்த்தறிய முடியும் என்பது என் வாதம். அமெரிக்காவின் சால்க் உயிரியல் ஆய்வு நிறுவனக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், எலிகள் கருவில் இருந்த காலம் முதலே நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் சற்றுக் கனமான வகை, அதாவது ஐசோடோப்பு) செறிந்த உணவு கொடுக்கப்பட்டு, பிறந்த சில வாரங்களுக்குப் பின் வழக்கமான நைட்ரஜன்-14 உணவுக்கு மாற்றப்பட்டது. அதன்பின் பிரியாத செல்லின் டி.என்.ஏ.வில் பழைய நைட்ரஜன் தங்கிவிடும். பிரிந்ததில் ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறையும். ஒரே திசுத்துண்டின் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தின்மேல் அயனிக் கற்றையால் எடுத்த ஐசோடோப்புப் படத்தைப் பொருத்தினால், பழைய உட்கருவும் அதை ஒட்டியே கிடக்கும் புதிய உட்கருவும் நிற வேறுபாட்டால் தெரிகின்றன. கல்லீரல் செல்களில் பெரும் பங்கு எலியின் வயதையே கொண்டிருந்தது.

கயல்விழி:
அந்த முறை சொல்வது உணவு மாறிய பின் செல் பிரிந்ததா என்பதைத்தான். எப்போது பிரிந்தது என்பதை அன்று. தவிர, கல்லீரல் செல்கள் பிரியாமலே டி.என்.ஏ.வை இரட்டிக்கக்கூடியவை என்பதால், பழைய செல்லும் படத்தில் இளையதாகத் தோன்றலாம். மனிதக் கல்லீரலைப் பற்றிய 2022ஆம் ஆண்டு ஆய்வு அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடி, அச்சோதனைகளை வளிமண்டலத்தில் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பின் குறைந்துவந்த கார்பன்-14 என்ற ஐசோடோப்பு செல்லின் டி.என்.ஏ.வில் எவ்வளவு உள்ளது என்பதை அளவுகோலாகக் கொண்டு, ஒருவருக்கு எத்தனை வயதானாலும் கல்லீரலின் சராசரி வயது மூன்று ஆண்டுக்கும் குறைவு என்று கண்டது. எலிப் படத்திலிருந்து நம் கல்லீரலைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

மாறன்:
எலி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே வாழ்கிறது என்பதால், அதன் செல் ஆயுள் முழுவதும் நீடிப்பதும் நம் செல் மூன்று ஆண்டுக்குள் மாறுவதும் நாள்கணக்கில் முரண்படவில்லை. கார்பன் முறைக்கோ ஏராளமான உட்கருக்களைத் திசுவிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்க்க வேண்டும். எந்தச் செல் எங்கிருந்தது என்பது அப்போதே அழிந்துவிடுகிறது. கணையத்தில் பல வயதுச் செல்கள் அருகருகே கலந்திருப்பதைச் சராசரியால் ஒருபோதும் காட்ட முடியாது.

நிலவன்:
செல்லின் வயது வேறு, அதன் பாகங்களின் வயது வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். எலியின மூளை நரம்புச் செல்களில் பெரும்பாலான புரதங்கள் விரைவில் மாறிவிட, உட்கரு உறையிலுள்ள துளைகளின் சில புரதங்கள் ஓராண்டுக்கு மேலும் நிலைக்கின்றன. உட்கருவைச் சுற்றி மஞ்சளாக ஒளிரும் லிப்போஃபியூசின் என்ற கழிவு நிறமித் துகள்களை வைத்து வயதைக் கணிப்பதும் சரியன்று. ஆக்சிஜனேற்றப் பாதிப்பு மிகும்போதும் அவை கூடும்.

கயல்விழி:
நாள்கணக்கில் முரண் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால், எலியில் ஆயுள் முழுவதும் பிரியாத செல்வகை மனிதரில் வாழ்நாளுக்குள் பலமுறை புதுப்பிக்கப்படுகிறது என்றால், எலிப் படத்தை வைத்து மனிதக் கல்லீரல் முதிர்வதை விளக்குவது தவறாகும். அந்த 2022ஆம் ஆண்டு ஆய்விலேயே, கூடுதல் டி.என்.ஏ. கொண்ட செல்கள் பத்தாண்டு வரையிலும் நீடிப்பதாகத் தெரிந்தது. ஆகவே ஒவ்வோர் உட்கருவின் டி.என்.ஏ. அளவையும் அதே திசுத்துண்டில் அளந்து ஐசோடோப்புப் படத்துடன் சேர்த்துக் காட்டும் வரை, 'பழைய செல்' என்ற முடிவை நான் ஏற்கமாட்டேன்.