தொண்டிச் சேற்றில் ஈயம்-210: அணு ஆய்வகத்துக்கு அனுப்புமுன் என்ன செய்யணும்?

காரைக்குடி_கடலியல்:
தொண்டிக் கரையில் 60 செ.மீ. பிவிசி குழாய் இறக்கிச் சேறு எடுக்கப் போகிறோம். ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் ஆழம் போகப் போகத் தேய்வதை வைத்து நூறு வருஷப் படிவு வேகம் தெரியணும். காமா கவுண்டிங்குக்கு (காமா கதிரை எண்ணி அளப்பதற்கு) அணு ஆய்வகம் ஒன்று சம்மதித்துவிட்டது. எங்கள் பக்கம் என்ன வேலை? அணுகுண்டுச் சோதனைகளால் விழுந்த சீசியம்-137இன் உச்சமும் கிடைக்குமா?

சேறும்_மணலும்:
தம்பி, குழாயைப் பிடுங்குறதுக்கு முன்னாடி உள்ளே, வெளியே ரெண்டு சேற்று மட்டத்தையும் அளந்து எழுதிக்குங்க. வித்தியாசம்தான் அமுங்கல், பிறகு அளக்க வழியே கிடையாது. மேலே நிக்கிற தண்ணியைச் சின்ன ட்யூப்ல உறிஞ்சிட்டு, ஸ்பாஞ்ச் அடைச்சு, நிமிர்த்தியே கொண்டு வாங்க. வண்டியில படுக்கப் போட்டா தேவகோட்டை வர்றதுக்குள்ள மேல் ரெண்டு செ.மீ. கூழாயிரும். கடைசிச் சில வருஷம் முழுக்க அதுலதான் இருக்கு.

1 செ.மீ. வில்லையா அறுத்து, ஓரத்துல அரை செ.மீ. வழிச்சு எறிங்க, குழாய்ச் சுவர் மேல்சேற்றைக் கீழே இழுத்திருக்கும். ஈர எடை, 60 டிகிரியில காய்ஞ்ச எடை ரெண்டும் வேணும். வயசுக் கணக்கு ஆழத்துல போகாது, சதுர செ.மீ.க்கு எத்தனை கிராம்ங்கிறதுலதான் போகும்.

காமா_கவுண்டர்:
டப்பா அளவை ஆய்வகத்திடம் கேட்டு, எல்லா வில்லையையும் ஒரே உயரத்துக்கு நிரப்புங்கள். மூடியை எபாக்சி போட்டு அடைத்து 3 வாரம் வையுங்கள். சேற்றிலுள்ள ரேடியம்-226 சிதைந்து வரும் வாயுவான ரேடான்-222இன் அரைவாழ்வு 3.8 நாள், அது கசிந்தால் ரேடியத்தை அளக்கப் பயன்படும் 352, 609 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடுகள் இளைக்கும், ரேடியம்-226 குறைவாகத் தெரியும், உபரி ஈயம் (மொத்த ஈயம்-210இல் ரேடியத்தின் பங்கைக் கழித்த மிச்சம், வயதைச் சொல்வது அதுதான்) பொய்யாக ஏறும். வெறும் பிளாஸ்டிக் மூடியை நம்பாதீர்கள்.

ஈயம்-210 விடும் காமா 46.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. அதைச் சேறே விழுங்கிவிடும், வில்லைக்கு வில்லை திருத்தம் போடணும். ஒரு வில்லைக்கு ஒரு நாள் ஆகும் என்றால் அறுபதுக்கு இரண்டு மாதம். முதலில் மூன்றுக்கு ஒன்று அனுப்புங்கள்.

சீசியத்தை நம்பித் திட்டம் எழுதாதீர்கள். 1963 உச்சம் வடக்கு நடு அட்சரேகைகளில்தான் கனம். நம் பக்கம் விழுந்ததே குறைவு, கடல்நீரில் பெரும்பகுதி கரைந்தே நிற்கும், மிச்சமும் இரண்டு அரைவாழ்வு தேய்ந்துவிட்டது.

சேறும்_மணலும்:
இன்னொண்ணு. ஈயம் களிமண்ணுலதான் ஒட்டும். மணல் அடுக்கு வந்தா ஈயம்-210 எண் சடார்னு இறங்கும். அது வயசு இல்ல. ஒவ்வொரு வில்லையிலயும் 63 மைக்ரானுக்குக் கீழே எத்தனை சதவீதம்னு சலிச்சுப் பாருங்க. மேல் சில செ.மீ. ஒரே எண்ணா நின்னா நண்டும் புழுவும் கிளறியிருக்கு, அந்தப் பகுதியை, ஆழத்தோட ஈயம் குறையுறதைக் காட்டுற சரிவுக் கோட்டுல சேர்க்காதீங்க.