ஜனவரியில் மாண்ட்ரியால்: மவுண்ட் ராயல் பூங்காவில் நடக்கலாமா, ஸ்கீ பழகலாமா?

வடசேரி அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் கனடாவில் மாண்ட்ரியாலில் வேலை பார்க்கிறாள். ஜனவரி பாதியில் நானும் அவள் அப்பாவும் போய் ஒரு மாதம் இருக்கப் போகிறோம். அவ்வளவு தூரம் போய் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டு வர எனக்கு இஷ்டமில்லை. அவள் வீட்டிலிருந்து கிட்டத்தில் மவுண்ட் ராயல் என்று மலையும் காடுமாக ஒரு பெரிய பூங்கா இருக்கிறதாம், நகரத்துக்கு நடுவிலேயே. பனி விழுந்த பிறகும் ஜனங்கள் அங்கே நடக்கிறார்கள், காலில் நீளப் பட்டை மாட்டிப் பனியில் வழுக்கிப் போகிற ஸ்கீயிங்கும் போகிறார்கள் என்று படம் அனுப்பியிருந்தாள், பார்த்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். எனக்கு 56 வயது, அவருக்கு 61. தினமும் காலையில் நடப்போம், மருந்துவாழ்மலைக்கு இப்போதும் ஏறுவேன், ஆனால் இறங்கும்போது வலது முட்டு பிடிக்கும். பனியை இரண்டு பேருமே நேரில் பார்த்ததில்லை. எங்களைப் போன்றவர்கள் அங்கே பாதுகாப்பாக நடக்க முடியுமா, இந்த வயதில் ஸ்கீ பழக முடியுமா, உடுப்பு இங்கேயே வாங்குவதா அங்கே போய் வாங்குவதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலைக்காரன்:

அக்கா, தைரியமாகப் போங்கள். நான் அந்த ஊரில் வேலை பார்த்தவன், குளிர்காலம் முழுக்க எனக்கு அந்த மலைதான் கதி.

முதலில் மலையைப் பற்றி. உச்சியே 233 மீட்டர்தான், மருந்துவாழ்மலை ஏறுகிற உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த ஊரில் அதற்குப் பெரிய மரியாதை, நகரத்தில் மலையைவிட உயரமாகக் கட்டிடம் எழுப்பக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். பூங்காவை வடிவமைத்தவர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவர். 1876இல் திறந்தார்கள். அவர் பெயரிலேயே ஓம்ஸ்டெட் பாதை என்று ஒன்று இருக்கிறது, உங்கள் முட்டுக்கு அதுதான் சரி. குதிரை வண்டி ஏற வேண்டும் என்று போட்ட பாதை என்பதால் செங்குத்தாக எங்கேயும் ஏறாது, வளைந்து வளைந்து மெதுவாக மேலே கொண்டுபோய் விடும். பார்க் அவென்யூ பக்கம் ஒரு பெரிய சிலை இருக்கும், அங்கிருந்து தொடங்கலாம். குறுக்கே படிக்கட்டு வழியும் உண்டு, குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள், இறுகிய பனியில் படி வழுக்கும்.

மேலே போனால் 1932இல் கட்டிய ஷாலே என்று ஒரு பெரிய கல் கட்டிடம், உள்ளே உட்கார்ந்து சூடு ஏற்றிக்கொள்ளலாம், கழிப்பறையும் இருக்கிறது. அதன் முன்னால் உள்ள மேடையில் நின்றால் நகரமும் தூரத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆறும் தெரியும். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

இனி ஸ்கீ. நம் ஊரில் ஸ்கீ என்றதும் குல்மார்க், அவுலி வீடியோதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும், லிஃப்டில் மேலே போய் மலைச்சரிவில் பாய்ந்து வருவது. மவுண்ட் ராயலில் அது இல்லை. அங்கே கிராஸ் கன்ட்ரி ஸ்கீதான். இதில் பூட்ஸின் முன்பக்கம் மட்டும் ஸ்கீயோடு மாட்டியிருக்கும், குதிகால் தாராளமாக எழும்பும், இரண்டு கையிலும் கம்பு. நடக்கிற மாதிரியே வலது கால் முன்னே போகும்போது இடது கையை வீச வேண்டும், ஒரு காலில் முழுப் பாரத்தையும் வைத்து உந்திவிட்டு அப்படியே கொஞ்ச தூரம் வழுக்கிப் போக வேண்டும், அதன் பிறகு அடுத்த கால். இயந்திரம் வைத்துப் பனியில் இரண்டு இணைத் தடம் போட்டிருப்பார்கள், தண்டவாளம் போல. ஸ்கீ அந்தத் தடத்துக்குள் இருக்கும்வரை கோணலாகப் போகாது, சமதரையில் யாரும் பழகிவிடலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், நடக்கும்போது அந்தத் தடத்தில் கால் வைக்கவே கூடாது. ஒரு பூட்ஸ் தடம் பதிந்தால் பின்னால் வருபவர் தட்டி விழுவார், அங்குள்ளவர்களுக்குக் கோபம் வருவது இதற்கு மட்டும்தான். நடப்பவர்களுக்கு எது, ஸ்கீக்கு எது என்று பலகை இருக்கும், பார்த்து ஒதுங்கிப் போனால் போதும்.

குளச்சல் அண்ணாச்சி:

தம்பி சொல்வதெல்லாம் சரி, ஆனால் 60 வயதில் புதிதாக ஸ்கீ எதற்கு? எங்கள் தெருவில் ஒருவர் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் பனியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார், இன்சூரன்ஸ்காரர்கள் சாகச விளையாட்டுக்குப் பணம் தர மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். கனடாவில் வந்து தங்குபவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு என்று விசாரித்துப் பாருங்கள், தலை சுற்றும். நடந்து, பார்த்து, படம் எடுத்துவிட்டு வாருங்கள் தங்கச்சி, அது போதும்.

தக்கலைக்காரன்:

அண்ணாச்சி, இன்சூரன்ஸ் விஷயம் ரொம்பச் சரி. அக்கா, பாலிசி எடுக்கும்போதே கிராஸ் கன்ட்ரி ஸ்கீ அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மலைச்சரிவு ஸ்கீயையும் இதையும் சில பாலிசியில் வேறு வேறாக வைத்திருப்பார்கள். ஆனால் வயதைச் சொல்லி வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 70 தாண்டிய பாட்டிமார் அந்தத் தடத்தில் என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். வேகம் நம் கையில்தானே இருக்கிறது.

இறக்கம் வந்தால் ஸ்கீயின் முன்நுனி இரண்டையும் கிட்டக் கொண்டுவந்து பின்பக்கத்தை அகட்டி அழுத்த வேண்டும், வேகம் குறையும். ஆனால் அப்படி அழுத்தினால் முழங்கால் முட்டு நன்றாகப் பிடிக்கும் அக்கா. ஆகவே இறக்கம் வந்தால் ஸ்கீயைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்து இறங்குங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தால் கையை ஊன்றாமல் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுங்கள், மணிக்கட்டு முறிவது கையை ஊன்றுவதால்தான்.

பீவர் லேக் என்று ஒரு ஏரி இருக்கிறது, 1938இல் வெட்டியது. அதன் கரையில் உள்ள கட்டிடத்தில் ஸ்கீ, பூட்ஸ், கம்பு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பனிக்காலணியும் தருவார்கள், அகலமான சட்டத்தைக் காலில் மாட்டிப் புதையாமல் நடப்பது, அண்ணனுக்கு ஸ்கீ பயமாக இருந்தால் அது நல்லது. மோன் ராயல் மெட்ரோவில் இறங்கி 11ஆம் நம்பர் பஸ் ஏறினால் ஏரிக்கே கொண்டுபோய் விடும். முதல் நாள் ஏரியைச் சுற்றி உள்ள சமதரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் சிஸ்டர்:

நான் ஒட்டாவாவில் நர்ஸ். உடுப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே, அதுதான் முக்கியம்.

நாகர்கோவிலில் ஸ்வெட்டர், ஜாக்கெட் என்று பணத்தைக் கொட்டாதீர்கள், இங்கே குளிருக்கு அது காணாது. உடம்போடு ஒட்டிப் போடுகிற தெர்மல் உள்ளுடுப்பு மட்டும் அங்கிருந்து வாங்கி வரலாம், அதுவும் பாலியஸ்டர் அல்லது கம்பளியாகப் பார்த்து. பருத்தி பனியன் கண்டிப்பாக வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு நின்றவுடனே உடம்பைச் சில்லிட வைக்கும். தெர்மலுக்கு மேல் ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற மேல்சட்டை, அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். நடக்கப் போகும்போது கனமாகப் போடலாம், ஸ்கீக்கு ஒரு அடுக்கு குறைவாகப் போடுங்கள், பத்து நிமிஷத்தில் உடம்பு கொதிக்க ஆரம்பித்துவிடும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்து போகிற கையுறை சூடாக இருக்கும். சாக்ஸ் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இறுக்கிப் போட்டால் ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் குளிரும், ஒரு கம்பளி சாக்ஸ் போதும். நடைபாதை கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கிற நாள் வரும், பூட்ஸில் மாட்டுகிற முள் பட்டை ஒரு ஜோடி கட்டாயம் வாங்குங்கள். உதட்டுக்கு வாசலின் கொண்டு வாருங்கள், தேங்காய் எண்ணெய் பையிலேயே கட்டியாகிவிடும். வெயில் அடிக்கிற நாளில் பனி கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

செய்தியில் சொல்கிற குளிரை மட்டும் பார்க்காதீர்கள், காற்றையும் பாருங்கள். மைனஸ் 10 இருக்கும்போது 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 18 போலத்தான் இருக்கும். அந்தக் கணக்கு மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறையலாம், அன்றைக்கு வீட்டில் இருங்கள். மூக்கு நுனி, காது, கன்னத்தில் வெளுத்த திட்டு தெரிந்து உணர்ச்சி இல்லாமல் போனால் உடனே உள்ளே போய்விட வேண்டும், தேய்க்கக் கூடாது. அண்ணனுக்குப் பிரஷர், நெஞ்சுப் பிரச்சினை ஏதாவது உண்டா? குளிரில் ரத்தக் குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறும், புறப்படுவதற்கு முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

வடசேரி அக்கா:

எல்லோருக்கும் நன்றி. அவருக்குப் பிரஷருக்கு மாத்திரை உண்டு, இந்த வாரமே டாக்டரைப் பார்க்கிறோம். இன்சூரன்ஸும் கேட்டுவிடுகிறேன் அண்ணாச்சி. போவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் இங்கேயே பழகுவதற்கு ஏதாவது இருக்கிறதா?

சிதறால் பையன்:

அக்கா, எங்கள் ஊருக்கு வாங்க. சமணர் மலைக்கு அடிவாரத்து வளைவிலிருந்து மேலே வரை கல் பாவிய சரிவுப் பாதைதான், வெயில் ஏறுவதற்கு முன் இரண்டு கையிலும் கம்பு வைத்து ஏறி இறங்குங்கள், கை கால் சேர்ந்து வேலை செய்யப் பழகும். சமதரை வேண்டுமானால் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை, உள்ளே வனத்துறை பூங்கா, திருவிதாங்கூர் தளபதி டிலனாய் கல்லறை வரை மரநிழலில் நடக்கலாம். வீட்டில் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், மாற்றி மாற்றி. ஸ்கீக்கு வேண்டியது அந்த நிதானம்தான்.

தக்கலைக்காரன்:

பையன் சொன்னது நல்ல யோசனை. இன்னும் இரண்டு விஷயம். ஜனவரி நடுவில் அங்கே மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் போய்விடும், ஆகவே காலை பத்து, பதினொன்றுக்கே கிளம்பி மூன்றரைக்குள் பஸ் ஏறிவிடுங்கள். போனைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள், வெளிப் பையில் வைத்தால் குளிரில் சார்ஜ் திடீரென்று இறங்கி அணைந்துவிடும். ஸ்கீ தடம் போட்டிருக்கிறார்களா என்று நகராட்சி இணையதளத்தில் அன்றன்றைக்கு இருக்கும், மகளைப் பார்க்கச் சொல்லுங்கள், மழை பெய்து மறுநாள் உறைந்திருந்தால் ஸ்கீ எடுக்காதீர்கள். வாடகைக்கு எடுக்கிற இடத்தில் பூட்ஸ் அளவை ஐரோப்பிய எண்ணில், 38, 42 என்கிற கணக்கில் கேட்பார்கள், இரண்டு பேருடைய எண்ணையும் இப்போதே செருப்பில் பார்த்துக் குறித்து வையுங்கள். கனமான சாக்ஸோடு போட்டுப் பார்த்து விரல் அசைகிற அளவாக எடுங்கள்.