சங்கராபரண மெட்டுக்கு எந்தக் கார்டுகள் பொருந்தும்? மூன்றாவது பாரில் சிக்கல்

கேள்வி (புதிய கீபோர்டுக்காரர்):

வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து பாடுவதற்காக, நான்கு தட்டுத் தாளத்தில் எட்டு பார் (நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று ஒரு பார்) நீளமுள்ள ஒரு மெட்டு அமைத்திருக்கிறேன். சுருதி 1 கட்டை, அதாவது சி மேஜர் ஸ்கேல். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) எதுவும் கிடையாது.

க ப ப த | ப க ச – | ரி க ம த | ப – – – |
க ப ப த | ச் நி த – | ப ம ரி நி | ச – – – ||

(ஆறாவது பாரில் வரும் ச மேல் ஸ்தாயி, ஏழாவது பாரின் நி கீழ் ஸ்தாயி.)

முதலில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதே ஸ்வரத்தில் தொடங்கும் கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வாசித்துப் பார்த்தேன்; முதல் பாரிலேயே ஈ மைனர், ஜி, ஜி, ஏ மைனர் என்று வந்து, பாட்டு ஓரிடத்தில் நில்லாமல் தள்ளாடியது. பிறகு சி, எஃப், ஜி என்ற மூன்று மேஜர் கார்டுகள் மட்டும் போதும் என்று முடிவுசெய்தேன். ஆனால் மூன்றாவது பாரில் ரி ஜி மேஜரைக் கேட்கிறது, ம, த இரண்டும் எஃப் மேஜரைக் கேட்கின்றன. அங்கே என்ன வாசிப்பது?

மறுமொழி 1 (பழைய கிட்டார்காரர்):

கார்டு ஸ்வரத்துக்கு உரியதன்று, பாருக்கு உரியது. உங்கள் முதல் முயற்சி தள்ளாடியதற்குக் காரணம் அதுதான். ஒரு பாரில் முதல் தட்டிலும் மூன்றாவது தட்டிலும் விழும் ஸ்வரங்களே எடை மிகுந்தவை; அவை கார்டுக்குள் இருந்தால், இடையில் வருபவை வெளியே இருந்தாலும் காது அவற்றைக் கடந்துபோகும் ஸ்வரங்களாகவே எடுத்துக்கொள்ளும். முதல் பாரில் க, ப இரண்டும் சி மேஜரில் (ச க ப) இருப்பதால், கடைசித் தட்டின் த அதற்குள் இல்லை என்பது ஒரு குறையே இல்லை.

சி, எஃப் (ம த ச), ஜி (ப நி ரி) ஆகிய மூன்றில் ஏழு ஸ்வரங்களும் அடங்கிவிடுகின்றன. எனவே அவற்றிலிருந்து தொடங்கியது சரியே. ஆனால் ஸ்கேலின் ஒவ்வொரு ஸ்வரமும் மூன்று கார்டுகளில் உறுப்பாக இருக்கிறது. ரி, ஜி மேஜரில் மட்டுமல்லாமல் டி மைனரிலும் (ரி ம த) உண்டு. உங்கள் மூன்றாவது பாரைப் பாருங்கள்: ரி, ம, த மூன்றும் அந்த ஒரே கார்டு, க மட்டுமே கடந்துபோகிறது. மூன்று கார்டுகளை விட்டு வெளியே போக விருப்பமில்லை என்றால் எஃப் மேஜரையே வாசிக்கலாம். ரி அதன்மேல் ஆறாவது ஸ்வரமாக மென்மையாக உட்காரும். ஜி மேஜரை மட்டும் அங்கே வைக்க வேண்டாம், அடுத்த பாருக்கு அது தேவைப்படுகிறது.

கார்டுகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கித் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். எட்டாவது பார் சி. ஏழாவது ஜி செவன்த், ஏனெனில் ப ம ரி நி என்று அந்தக் கார்டின் நான்கு ஸ்வரங்களையும் நீங்களே மெட்டாக எழுதிவிட்டீர்கள். நான்காவது பாரின் நீண்ட ப சி மேஜரிலும் இருக்கிறது என்றாலும், அங்கே ஜி வைத்தால்தான் பாட்டு பாதி வழியில் மூச்சு வாங்கி நிற்பதுபோல் இருக்கும்.

ஆக, சி | சி | டி மைனர் | ஜி | சி | எஃப் | ஜி செவன்த் | சி.

மறுமொழி 2 (வயலின் மாணவி):

கர்நாடக இசை பயின்ற பிள்ளைகள் குழுவில் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 29ஆவது மேளகர்த்தாவான (தாய் ராகமான) சங்கராபரணமும் மேஜர் ஸ்கேலும் ஸ்வரத்தானங்களில் ஒன்றேயானாலும், பழக்கத்தின் காரணமாக அவர்கள் ம, நி ஆகியவற்றை அசைத்துப் பாடக்கூடும். அசையாமல் நிற்கும் கார்டோடு அந்த அசைவு உரசும். முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) நொட்டுஸ்வரங்கள் ஐரோப்பிய மெட்டுகளின் மேல் பெரும்பாலும் நேர்ஸ்வரங்களாகவே (அசைவின்றி) அமைந்தவை. அவற்றில் ஒன்றிரண்டை முதலில் பாடவைத்தால், இந்த மெட்டையும் அசைக்காமல் பாடப் பழகிவிடுவார்கள்.

கேட்டவர்:

டி மைனர் வைத்ததும் மூன்றாவது பார் நேராகிவிட்டது, மிக்க நன்றி. ஆனால் ஆறாவது பாரில் எஃப் மேஜரா, ஏ மைனரா என்று தெளிவாகவில்லை. ச, த இரண்டும் இரண்டிலுமே இருக்கின்றன.

மறுமொழி 3 (தேவாலய ஆர்கன் வாசிப்பவர்):

இரண்டும் பிழையில்லை. முதல் மறுமொழி எழுதியவர் எஃப் என்று சொன்னதை நானும் ஏற்கிறேன், ஏனெனில் எஃப், ஜி, சி என்று பேஸ் (அடி ஸ்வரம்) நகரும்போது முடிவு உறுதியாக வந்து சேர்கிறது. ஏ மைனர் சற்றுச் சோகமாக ஒலிக்கும். பாடலின் சொற்கள் அதைக் கேட்டால் மட்டும் வையுங்கள். ஏ மைனருக்கு நல்ல இடம் இரண்டாவது பாரின் பிற்பாதி: அங்கே நீளும் ச அதற்குள் இருக்கிறது, அடுத்து வரும் டி மைனருக்கும் ஜிக்கும் அதிலிருந்து இயல்பாகச் செல்லலாம்.

இன்னொன்று, இடது கையை ஒவ்வொரு கார்டுக்கும் தூக்கித் தூக்கி வைக்காதீர்கள். சி மேஜரை ச க ப என்று பிடித்தால், எஃப் மேஜரை ச ம த என்றும், ஜி மேஜரைக் கீழ் நி ரி ப என்றும் பிடியுங்கள். முன்னதில் ச விரலும் பின்னதில் ப விரலும் அசையாது. இந்த மூன்று கார்டுகளுக்குள், ஆறிலிருந்து ஏழாவது பாருக்கு மாறும்போது மட்டும் மூன்று விரல்களும் நகரும். அந்த ஒரு மாற்றத்தைத் தனியாக, மெதுவான லயத்தில் பத்து முறை வாசித்துவிட்டுப் பிள்ளைகளைப் பாடச் சொல்லுங்கள்.