கார்க் நகரத்துக்குக் குடிபோகிறேன், அந்த ஊரின் கதை சொல்லுங்கள்

தென்பொதிகை:

வணக்கம். மருந்து கம்பெனி வேலையாக அடுத்த மாதம் அயர்லாந்தில் இருக்கும் கார்க் நகரத்துக்குப் போகிறேன், பள்ளி ஆண்டு முடிந்ததும் மனைவியும் மகளும் வந்து சேர்வார்கள். விசா, வாடகை, மளிகை பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் படித்துவிட்டேன், அது வேண்டாம். எனக்கு வேண்டியது அந்த ஊரின் வரலாறும் அங்குள்ள மனிதர்களும். தேடிப் பார்த்தால் பிளார்னி கோட்டைக்குப் போய்க் கல்லை முத்தமிடுங்கள் என்பதைத் தாண்டி எதுவும் வர மாட்டேன் என்கிறது. வீடியோ காலில் பேசும் அந்த ஊர்க்காரர்கள் "டப்ளின் பெயருக்குத்தான், உண்மையான தலைநகரம் நாங்கள்தான்" என்கிறார்கள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் மனதார நம்பித்தான் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. கலகக்கார மண் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டே கால் லட்சம் பேர் இருக்கும் ஊருக்கு இந்தப் பெருமை எங்கிருந்து வந்தது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படிப்பேன்.

கடலோரவாசி:

தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள் நண்பரே, மற்றதெல்லாம் தானாகப் புரியும். லீ ஆறு ஊருக்கு மேற்கே இரண்டாகப் பிரிந்து கிழக்கே மறுபடி சேர்கிறது, நகர மையம் அந்த இரண்டு கிளைகளுக்கும் நடுவே இருக்கும் தீவு. முன்பு அதுவும் ஒரே தீவு இல்லை. சதுப்பில் சின்னச் சின்னத் தீவுகள், நடுவில் கால்வாய்கள், அவற்றில் படகும் கப்பலும். புனித ஃபின்பார் பெயரில் ஒரு மடம், அப்புறம் வைக்கிங்குகள், அப்புறம் நார்மன்கள் என்று ஊர் வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கால்வாய்களை ஒவ்வொன்றாக மூடித் தெருவாக்கினார்கள். இன்றைக்குக் கடைத்தெருவாக இருக்கும் புனித பேட்ரிக் தெரு வளைந்து போவதற்குக் காரணம், அதன் கீழே ஆற்றின் ஒரு கிளை இருப்பதுதான். சவுத் மால் தெருவில் நடக்கும்போது பழைய கட்டடங்களை நின்று பாருங்கள். சிலவற்றில் தலைவாசலுக்குப் படியேறித்தான் போக வேண்டும், கீழே தரைமட்டத்தில் தனியாக ஒரு கதவு இருக்கும். கீழ்க்கதவில் படகு வந்து சரக்கு இறங்கும், வணிகர் மேலே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். இந்த ஒரு காட்சி போதும், கார்க் எப்படிப் பிழைத்த ஊர் என்று தெரிந்துவிடும்.

ஊரைப் பணக்கார ஊராக்கியது வெண்ணெய். 1770இல் வடகரை மேட்டில் ஷாண்டன் பகுதியில் வெண்ணெய்ச் சந்தை அமைந்தது, 19ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை அதுதான். கெர்ரி மலைப்பக்கத்திலிருந்து விவசாயிகள் உப்புப் போட்ட வெண்ணெயை மரப்பீப்பாய்களில் அடைத்துக்கொண்டு வருவார்கள், அதற்கென்றே போட்ட சாலைகளை இன்றும் வெண்ணெய்ச் சாலை என்றுதான் சொல்கிறார்கள். சந்தையின் பலம் அதன் பரிசோதகர்கள். ஒவ்வொரு பீப்பாயையும் துளைத்து எடுத்து, முகர்ந்து, ருசி பார்த்து, தரம் பிரித்து முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரையை நம்பி கடல் கடந்து வாங்கினார்கள். அப்புறம் டென்மார்க் வெண்ணெய் வந்தது, மார்ஜரின் வந்தது, 1924இல் சந்தையையே மூடிவிட்டார்கள். பக்கத்திலேயே வெண்ணெய் அருங்காட்சியகம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அதையொட்டியே 1722இல் கட்டிய புனித ஆன் தேவாலயம். அதன் கோபுரத்தின் நான்கு கடிகாரங்களும் ஒரே நேரம் காட்டாததால் 'நான்கு முகப் பொய்யன்' என்று பெயர். மேலே ஏறி மணிகளை நாமே அடிக்கலாம், மகளை அவசியம் கூட்டிப் போங்கள்.

மதுரைவீதி:

கடலோரவாசி சொன்னதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கார்க் துறைமுகத்திலிருந்து வெண்ணெய் மட்டும் போகவில்லை, உப்புப் போட்ட மாட்டிறைச்சியும் பீப்பாய் பீப்பாயாகப் போனது. வாங்கியவர்கள் யார்? பிரிட்டிஷ் கடற்படை ஒரு பக்கம், கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள் இன்னொரு பக்கம். அந்தத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில் நடந்தவை. ஊரின் அழகான ஜார்ஜியன் வீடுகளில் அந்தப் பணமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் வணிகப் பெருமை மட்டும் பேசுவது சரியில்லை என்பது என் கருத்து. அதே ஊரில்தான் 1845இல், அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி, அடிமைமுறையை எதிர்த்துப் பேசிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் வாரக்கணக்கில் தங்கிக் கூட்டம் கூட்டமாகப் பேசினார், ஊர் அவரை மரியாதையோடு வரவேற்றது. இரண்டும் சேர்ந்ததுதான் கார்க்.

நல்ல இறைச்சியெல்லாம் கப்பலேறிப் போனதால் குடல், பன்றிக்கால், ரத்தத்தில் செய்த டிரிஷீன் எல்லாம் உள்ளூர் ஏழைகளின் சாப்பாடாயின. 1788இல் தொடங்கிய இங்கிலிஷ் மார்க்கெட்டில் இன்றும் அவை கிடைக்கும். அங்கே ஒரு சனிக்கிழமை காலையைக் கழியுங்கள், ஊர்க்காரர்களோடு பேச அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பழையரயில்:

கலகக்கார மண் என்ற கேள்விக்கு வருகிறேன். பலரும் பிரிட்டனை எதிர்த்து அயர்லாந்து விடுதலைப் போர் நடந்த 1920 என்று நினைக்கிறார்கள், பெயர் அதைவிடப் பழையது. 1491இல் பெர்கின் வார்பெக் என்ற இளைஞன் கார்க்கில் வந்திறங்கி, பின்னால் இங்கிலாந்து அரியணையே தனக்குரியது என்று கிளம்பினான். அவனை ஆதரித்த கார்க் மேயர் ஜான் வாட்டரையும் அவனோடு சேர்த்து 1499இல் லண்டனில் தூக்கிலிட்டார்கள். கலகக்கார மண் என்ற பெயர் அப்போதுதான் ஒட்டியது என்பார்கள்.

ஆனால் ஊர்க்காரர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது மனதில் வைத்திருப்பது 1920தான். அந்த ஒரே ஆண்டில் இரண்டு மேயர்களை இழந்த ஊர் அது. ஜனவரியில் மேயரான டொமாஸ் மக் கர்ட்டனை மார்ச் 20 அதிகாலையில், முகத்தில் கரி பூசிய ஆட்கள் வீடு புகுந்து மனைவி மக்கள் இருக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். அன்று அவருக்கு 36 வயது நிறைந்த நாள். மரண விசாரணையில் உட்கார்ந்த உள்ளூர் ஜூரி, போலீஸ் மீதும் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் மீதும் கொலைக் குற்றம் என்று தீர்ப்பு எழுதியது. பிரதமர் பெயரையே எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அடுத்து மேயரானவர் அவருடைய நண்பர் டெரன்ஸ் மக்ஸ்வினி. ஆகஸ்டில் நகர மண்டபத்திலேயே கைது செய்து லண்டன் பிரிக்ஸ்டன் சிறைக்குக் கொண்டுபோனார்கள். கைதை எதிர்த்து அவர் இருந்த உண்ணாவிரதத்தின் 74ஆம் நாள், அக்டோபர் 25 அன்று இறந்தார். அதே நாளில் கார்க் சிறையில் ஜோசப் மர்ஃபி என்ற இளைஞரும் உண்ணாவிரதத்தில் இறந்தார், அதற்குச் சில நாள் முன்பு மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட். இந்த இருவரையும் வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். 1929இல் லாகூர் சிறையில் நம் விடுதலைப் போராளி ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டபோது, மக்ஸ்வினி குடும்பத்தாரிடமிருந்து இரங்கல் தந்தி வந்தது.

டிசம்பர் 11 இரவு ஊரையே கொளுத்தினார்கள். டில்லன்ஸ் கிராஸ் என்ற இடத்தில் தங்கள்மீது விடுதலைப் போராளிகள் நடத்திய தாக்குதலுக்குப் பழிவாங்கலாக, ஆக்ஸிலியரி என்ற பிரிட்டிஷ் துணைப் போலீஸ் படையினர் பேட்ரிக் தெருக் கடைகளுக்குத் தீ வைத்தார்கள், தீயணைப்புக் குழாய்களை அறுத்தார்கள், நகர மண்டபமும் கார்னகி நூலகமும் சாம்பலாயின. 40க்கும் மேற்பட்ட கடைகள் போயின, கிறிஸ்துமஸுக்கு முன் சுமார் 2,000 பேர் வேலை இழந்தார்கள். பிரிட்டிஷ் அமைச்சர் நாடாளுமன்றத்தில், கார்க் மக்களே தங்கள் ஊரைக் கொளுத்திக்கொண்டார்கள் என்றார்! அரசே நடத்திய விசாரணையின் அறிக்கையை வெளியிடவே இல்லை. இன்றைக்கு ஆற்றோரம் நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் நகர மண்டபம் 1936இல் திறந்தது.

மீனாட்சி_சென்னை:

ஒரு சென்னைத் தொடர்பு சொல்கிறேன், உங்கள் மகளுக்குப் பிடிக்கும். கார்க் பக்கம் பாலிகிரிஃபினில் 1718இல் பிறந்தவர் நேனோ நேகல். கத்தோலிக்கர் பள்ளி நடத்துவது சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. பிரான்ஸில் படித்துத் திரும்பியவர், 1750களில் கார்க் சந்துகளில் ஏழைக் குழந்தைகளுக்கு ரகசியமாகப் பள்ளிகள் தொடங்கினார், இரவில் கையில் விளக்கோடு நோயாளிகளைப் பார்க்கப் போவார். 1775இல் அவர் தொடங்கிய சபைதான் பின்னால் பிரசன்டேஷன் சகோதரிகள் ஆனது. அந்தச் சபையினர் 1842இல் மதராஸுக்குக் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஜார்ஜ் டவுன் பிரசன்டேஷன் கான்வென்ட், ஜெயலலிதா படித்த சர்ச் பார்க் பள்ளி எல்லாம் அந்த வழியில் வந்தவை. டக்ளஸ் தெருவில் அவர் இருந்த இடத்தை அருங்காட்சியகமாகவும் தோட்டமாகவும் வைத்திருக்கிறார்கள், கல்லறையும் அங்கேயே. நான் சர்ச் பார்க்கில் படித்தவள், அங்கே போய் நின்றபோது கண் கலங்கிவிட்டது.

தென்பொதிகை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பழையரயில் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மீனாட்சி அக்கா, என் அம்மாவும் சர்ச் பார்க்தான், கட்டாயம் சொல்கிறேன். ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: இன்றைய மனிதர்கள் எப்படி? வேலையிடத்தில் எதைப் பேசினால் ஒட்டுவார்கள்?

லீ_பாலம்:

நான் அங்கேதான் குடும்பத்தோடு இருக்கிறேன் தம்பி. முதலில் காது பழக வேண்டும். வாக்கியம் ஏறி இறங்கிப் பாட்டு மாதிரி வரும், வேகமும் அதிகம், ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் "பை" என்று ஒரு ஒட்டு வரும். அது பையன் என்று பொருள்படும் ஆங்கில 'பாய்' (boy)தான், வயசான ஆம்பளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். புரியவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள், திருப்பிச் சொல்வார்கள், கூடவே பத்து நிமிடக் கதையும் வரும்.

பேச்சுக்கு ஹர்லிங் ஆட்டம் போதும், மட்டையும் பந்தும் வைத்து ஆடும் அயர்லாந்து விளையாட்டு அது. பழைய ஹர்லிங் வீரர் கிறிஸ்டி ரிங் இங்கே கிட்டத்தட்டக் குலதெய்வம், ஆற்றுப் பாலத்துக்கே அவர் பெயர். 2024, 2025 இரண்டு அகில அயர்லாந்து இறுதிப் போட்டியிலும் கார்க் தோற்றது, 2024இல் கிளேர் மாவட்ட அணியிடம் ஒரே ஒரு புள்ளியில். அதை நீங்களாக எடுக்காதீர்கள், அவர்கள் எடுத்தால் கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் சேரப்போகும் மருந்து வேலையின் பின்னணி. இந்த ஊர் ஃபோர்டு தொழிற்சாலையை நம்பியிருந்தது. ஹென்றி ஃபோர்டின் அப்பா கார்க் மாவட்டத்துக்காரர், 1917இல் இங்கே ஆலை தொடங்கினார். பல குடும்பங்களில் ஆண்கள் இங்கிலாந்தின் டேகன்ஹாம் ஃபோர்டு ஆலைக்கும் போய் உழைத்தார்கள். 1983இல் டன்லப் டயர் ஆலை, 1984இல் ஃபோர்டு, அதே ஆண்டு கப்பல் கட்டும் தளம், எல்லாம் வரிசையாக மூடின, ஊரே தள்ளாடியது. ரிங்காஸ்கிடி மருந்து ஆலைகளும் ஹாலிஹில்லில் ஆப்பிள் கம்பெனியும்தான் பிறகு கைகொடுத்தன. அறுபது வயதுக்காரர் யாராவது உங்கள் டீமில் இருந்தால் ஃபோர்டு காலத்தைக் கேளுங்கள், மனம் திறந்து பேசுவார்.

வந்தவுடன் கென்ட் ஸ்டேஷனில் ரயிலேறி கோவ் துறைமுகத்துக்குப் போய்வாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. 1912 ஏப்ரல் 11 அன்று டைட்டானிக் கடைசியாக நின்ற இடம் அது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்கு ஏறியதும் அங்கேதான். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் குடியேற்றச் சாவடியான எல்லிஸ் தீவில் முதலாவதாகப் பதிவான ஆனி மூர் கார்க் பெண், தம்பிகளோடு அவள் நிற்கும் சிலை கரையில் இருக்கிறது. மக் கர்ட்டன், மக்ஸ்வினி பொருட்கள் வேண்டுமென்றால் ஃபிட்ஸ்ஜெரால்ட் பூங்காவில் இருக்கும் நகர அருங்காட்சியகம் போங்கள், மகளுக்கு அங்கேயே விளையாட்டு இடமும் உண்டு. வாடகை வீடு பார்க்கும்போது மட்டும் தீவுப் பகுதியில் தரைத்தளம் வேண்டாம், 2009 நவம்பரில் லீ ஆறு கரை மீறி ஊருக்குள் வந்தது.